மைக்கில் வராத வார்த்தை

பிளஸ் டூவில் நர்சிங் தொழிற்பிரிவு இருந்த காலம் அது. காலைப் பிரேயரில் தலைமையாசிரியர் ஞானப்பிரகாசம் மைக்கில் முழங்கினார்: "ஓடுறதுக்கு ஒரு பீரியடா? யார் வேணா ஓடலாம்! இனி அதுவும் கணக்குக்குத்தான்."

நர்சிங் மாணவி மரகதவல்லி கை தூக்கினாள். "மைதானத்தை ஒரு சுத்து ஓடிட்டு வந்து, விளையாட்டுப் பீரியட் ரத்துன்னு சொல்லுங்க சார். கேட்டுக்கிறோம்."

"இவ்வளவுதானா?" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்து மைக்கைப் பிடித்தால், புஸ் புஸ்ஸென்று மூச்சுதான் வந்தது.

மரகதவல்லி அவர் நாடியைப் பிடித்துக்கொண்டே மைக்கில் அறிவித்தாள்: "சார் ரத்துன்னு சொல்லல!"

செம்மண் மைதானமே சிரித்தது. பீரியடும் பிழைத்தது.

வருஷங்கள் ஓடிவிட்டன. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் மரகதவல்லியிடம் போன வாரம் ஒரு பெரியவர் நாடி பார்க்கக் கை நீட்டினார்.

"தினமும் மைதானத்துல நடக்கிறேம்மா. இப்போ அந்த மைக்கைக் கொடு பார்ப்போம்!"