மூச்சை இழுப்பதா, விடுவதா?

ஸ்னூக்கர் கிளப் இறுதிப் போட்டியில் தலைவர் தணிகாசலத்தோடு மோதினார் பஸ் கண்டக்டர் மாசிலாமணி. தோற்றால் இனி கிளப் பக்கமே வரக்கூடாது என்பது தலைவர் போட்ட நிபந்தனை. மாசிலாமணி குனிந்து குறிபார்க்கும்போதெல்லாம், "கை நடுங்குதே கண்டக்டர், விசில் ஊதவா?" என்று தலைவர் சீண்டினார்.

கடைசியில் மேசையில் கறுப்புப் பந்து மட்டும் மிஞ்சியது. அதைக் குழியில் தள்ளுபவருக்குக் கோப்பை. முறை தலைவருடையது, பந்தும் குழிக்கு நேராக நின்றது.

மாசிலாமணி பணிவாகக் கேட்டார்: "அருமையா ஆடுறீங்க சார். அடிக்கும்போது மூச்சை இழுப்பீங்களா, விடுவீங்களா?"

தலைவர் குனிந்தார். இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். பந்து குழியோரத்தில் இடித்துத் திரும்பியது. மாசிலாமணி அதைக் குழியில் தள்ளிவிட்டார்.

"நீ எப்படிய்யா மூச்சு விடுவே?" என்று கத்தினார் தலைவர்.

"தெரியலையே சார். தோத்துடுவேன்னு நினைச்சுத்தான் வந்தேன். அதனால எதையும் யோசிக்கலை."