வேட்டி பிடித்த வெளிச்சம்

முன்னொரு காலத்தில், அதாவது போன கோடையில், மில் முதலாளி தணிகாசலம் சம்பந்தி வீட்டாரோடு பனிமலை பார்க்கப் போனாராம். "குளிராவது ஒண்ணாவது, எனக்கு வேட்டி ஒண்ணே போதும்" என்று வழியெல்லாம் பீற்றிக்கொண்டார்.

அங்கே மலை பின்னால் தெரியப் படம் எடுக்கச் சொல்லி, சூரியனுக்கு முதுகு காட்டி நின்றார். டிரைவர் சிகாமணி எடுத்த முதல் படத்தில் மலை பளிச்சென்றிருந்தது, முகம் கரி. அடுத்ததில் முகம் தெரிந்தது, மலையைக் காணோம்.

"ரெண்டும் விழணும். நான் திரும்பி நிக்க மாட்டேன். முடியலேன்னா வேலையை விட்டுடு."

"முடியும் முதலாளி. எதிரே வெள்ளைத் துணி பிடிச்சா முகத்துல வெளிச்சம் அடிக்கும். உங்களுக்குத்தான் குளிராதே, வேட்டியைக் குடுங்க. இடுப்புக்கு மேலதான் எடுப்பேன்."

சம்பந்தி பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் முதலாளி வேட்டியை அவிழ்த்தார். உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று கம்பளிக் கால்சட்டைகள்.

படத்தில் மலையும் முகமும் அம்சமாக விழுந்திருந்தன. "நாளைக்கு வண்டியைச் சீக்கிரம் எடு" என்று முணுமுணுத்து, வேட்டியைக் கட்டாமலே முதலாளி இறங்கிப் போனார்.