பலவேசம் சாரும் ஊதாக் கிருமியும்

ஒரு ஊர்ல ஒரு காலேஜ். அதுல ஒரு பெரிய வாத்தியார், பேரு பலவேசம். பெரிய வாத்தியார்னு நான் சொல்லல, அவரே சொல்லிக்கிட்டது. புத்தகத்தத் தொறந்து வருசக்கணக்காச்சு. வாயத்தான் மூடினதே கெடயாது. கேக்கியா? ம் சொல்லு.

அவர்கிட்ட ஆராய்ச்சி பண்ண வந்தவ ஆவுடை. வாய்க்கால் சேத்த அள்ளிட்டு வந்து, கண்ணாடி பாட்டில்ல கிருமி வளத்தா. ஊதாக் கிருமி. ஒத்தையா இருந்தா கண்ணுக்கே தெரியாது. கூட்டமாச் சேந்தா நாவப்பழத்தக் கசக்கிவிட்ட மாதிரி இருக்கும். ஒரு நாள் கொஞ்சத்தத் தட்டுல ஊத்தி வச்சுப் பாத்தா, வெளிச்சம் விழுற பக்கமாவே எல்லாம் மொய்ச்சுக் கெடக்கு. ஆவுடைக்குச் சந்தோசம் தாங்கல. ஓடிப்போய்ச் சொன்னா.

பலவேசம் சார் கெக்கெக்கேன்னு சிரிச்சாரு. "கண்ணில்ல, மூளையில்ல, அதுக்கு வெளிச்சம் தெரியுதாக்கும்! லைட்டு சூட்டுக்குப் போவுது பிள்ள."

தனக்கு மூளை இருக்குங்கற நெனப்பு அவருக்கு!

அப்புறம் ஆவுடை என்ன செஞ்சா, லைட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல கண்ணாடித் தொட்டி நெறைய குளுந்த தண்ணி வச்சா. சூடு தண்ணியோட நின்னுபோச்சு, வெளிச்சம் மட்டும் உள்ள போச்சு. கிருமி எல்லாம் குறுகுறுன்னு வெளிச்சத்துக்கே வந்துச்சு.

"மேசை சாஞ்சிருக்கு," அப்படின்னாரு.

அப்போ லைட்ட எடுத்து எதிர்ப் பக்கத்துல வச்சா. அதுகளும் திரும்பி, மறுபடி குறுகுறுன்னு வெளிச்சத்துக்கே வந்துச்சு. ம் சொல்லு.

அவருக்கு மூஞ்சி கடுகடுன்னு ஆயிருச்சு. "மதுரைலேருந்து பெரிய அதிகாரி அம்மா ஒருத்தங்க ஆராய்ச்சியச் சோதிக்க வாராங்க. அவங்க முன்னால உன் கிருமி என் பேரோட மொத எழுத்த எழுதட்டும். எழுதலன்னா பாட்டில எல்லாம் சாக்கடைல கவுத்துட்டு ஊரப் பாக்கப் போ. இந்த ரூமு எனக்கு ஏசி போட வேணும்." எப்படி இருக்கு பாரு ஆசை!

 இந்த ஆள் முன்னால அழுவுறதான்னு ஆவுடை அழுகைய முழுங்கிட்டா. அப்புறம் கறுப்புத் தாள எடுத்து, சரக் சரக்குன்னு நடுவுல 'ப' மாதிரி வெட்டி, தட்டு மேல மூடி, லைட்டப் போட்டா.

மதுரை அம்மா வந்தாங்க. பலவேசம் சார் கோட்டு மாட்டிக்கிட்டு முன்னால நின்னாரு. வேர்வையில நனைஞ்ச கோட்டு. ஆவுடை தாள எடுத்தா. பளிச்சுன்னு, ஊதா நெறத்துல, 'ப'!

"அட! கண்ணு எங்கம்மா இருக்கு இதுக்கு?"ன்னு அந்த அம்மா கேட்டாங்க.

"கண்ணு இல்லம்மா. வெளிச்சந்தான் அதுகளுக்குச் சோறு. நீந்திப் போகையில இருட்டு பட்டா, சோறு கொறயறது ஒடம்புக்குத் தெரிஞ்சிரும். திடுக்குன்னு நின்னு திரும்பிக்கும். வெளிச்சத்துக்குள்ள வந்தது வெளிய போகாது."

"இவ சாயம் ஊத்திருக்கா!"ன்னு கத்துனாரு பலவேசம் சார். "சாயமாக்கும் இது, கையால மறைச்சா நகருமா?" சொல்லிட்டு ரெண்டு வெரல லைட்டுக்குக் கீழ நீட்டுனாரு. 'ப'வோட ஒரு கை மேல நெழல் விழுந்துச்சு.

எல்லாரும் குனிஞ்சாங்க. கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் எழுத்தோட அந்தக் கை லேசா வெளுத்துச்சு. அப்புறம் இன்னுங் கொஞ்சம். நெழல்ல இருந்த கிருமி ஒவ்வொண்ணா வெளிச்சத்துக்கு வந்துருச்சு, வந்தது திரும்பல. ஒத்தக் கையோட நிக்குது அவரு எழுத்து!

சார் வெடுக்குன்னு கைய எடுக்கப் போனாரு.

"எடுக்காதீங்க சார்!"ன்னாங்க மதுரை அம்மா. "நல்ல சோதனை, கெடுத்துராதீங்க. ஆவுடை, இந்த ரூமு உனக்குத்தான். உன் கிருமியெல்லாத்தையும் எனக்குக் காட்டு."

ஆவுடை சிரிச்சுக்கிட்டே பாட்டில் பாட்டிலா எடுத்துக் காட்டுனா. சாயங்காலம் வரைக்கும் பேசுனாங்க. வெளக்குக் கம்பம் மாதிரி கைய நீட்டிக்கிட்டு நின்னவர யாரும் திரும்பிப் பாக்கல. அவருக்கு, கைய எப்ப எடுக்கன்னு கேக்கவும் வாய் வரல.

என்ன, ம் காணோம்? சரி, கதையும் படுத்துருச்சு. தூங்கு கண்ணு.