அக்கரைக்கு அனுப்பும் சொல்

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், ஓர் ஆற்றின் இக்கரையை மணிமுடிராயன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். அக்கரை அவருடைய மாமனாரின் நாடு. ராஜாவுக்கு யானை, குதிரை, சேனை எதற்கும் குறைவில்லை. ராணி பூங்கோதைதான் பக்கத்தில் இல்லை. கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள்.

சண்டை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மாலை, வழக்குகளைக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய் ராஜா உப்பரிகையில் உட்கார்ந்திருந்தார். ராணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "முகமே சரியில்லையே, என் மேல் ஏதாவது வருத்தமா?" என்று கேட்டாள். ராஜா, "விடு" என்றார். அவ்வளவுதான். ராணி அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், எழுந்து போனாள், மறுநாள் படகேறினாள். ஏன் போனாள் என்று ராஜாவுக்கு விளங்கவே இல்லை.

ஒன்று விளங்காவிட்டால் ராஜாக்கள் என்ன செய்வார்கள்? சட்டம் போடுவார்கள். அந்தச் சொல்தான் ராசியில்லாத சொல் என்று முடிவுகட்டி, இனி அதை எந்த உருவத்தில் யார் சொன்னாலும் அன்றைக்கே அக்கரைக்கு நாடுகடத்தல் என்று முரசறையச் சொன்னார். எந்தச் சொல் என்று சொல்லாமல் எப்படி முரசறைவது? முதல் ஆளாக முரசறைந்தவனே படகேறினான்.

இந்த யோசனையைக் கொடுத்தவர் சபைப் பண்டிதர் ஏகாம்பரர். இலக்கணத்தில் புலி. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும், பத்துப் பொருளோடு ஊர் சுற்றுகிற சொல்லை நம்பக்கூடாது என்பது அவர் கட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ் பேசுகிற வாய் அந்தச் சொல் இல்லாமல் ஒரு பொழுதைத் தள்ளுமா, நீங்களே சொல்லுங்கள். மூச்சு விட வேண்டும், கொட்டாவி விட வேண்டும், மாட்டை மேய விட வேண்டும், அடைமழை என்றைக்காவது விட வேண்டும். "உங்களைவிட உயர்ந்தவர் உண்டோ" என்று ராஜாவைப் புகழ ஆரம்பித்த கவிராயர், பாட்டு முடியுமுன் படகில் இருந்தார். தலைமைச் சமையற்காரர் வந்து, "மகாராஜா, சோறு வெந்துடுச்சு" என்றார். பண்டிதர் எழுந்து நின்று, அந்த 'டு'வுக்குள் குற்றவாளி ஒளிந்திருக்கிறான் என்று பிய்த்துக் காட்டினார். சமையற்காரரும் போனார். அதன் பிறகு சோறு வெந்ததா என்று சொல்ல ஒருவருக்கும் தைரியமில்லை. ராஜா சில நாள் கஞ்சியும் சில நாள் அரிசியும் சாப்பிட்டார்.

பகல் எப்படியோ போயிற்று. மாலையில்தான் வேதனை. ராஜா உப்பரிகையில் நின்று, அக்கரையில் விளக்கேற்றுவதைப் பார்ப்பார். அந்த நேரத்தில் ராணி வெற்றிலை மடித்துக் கொடுப்பது வழக்கம். இப்போதும் அவர் கை தானாக நீளும். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொள்வார். ஒரு நாள் தாங்க முடியாமல், தன் விகடகவி அங்கமுத்துவைக் கூப்பிட்டு நடந்ததை எல்லாம் சொன்னார்.

"அவள் இல்லாமல் என்னால் முடியவில்லை, அங்கமுத்து. ஆனால் மாமனார் வாசலில் நானாகப் போய் நிற்கமாட்டேன். ஆளும் அனுப்பமாட்டேன், ஓலையும் அனுப்பமாட்டேன். அவளைப் பார்க்க வேண்டும். வழி சொல்."

அங்கமுத்து யோசித்தான். அரசியார் கையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டார்களா என்று மட்டும் மறுபடி ஒரு தடவை விசாரித்துக்கொண்டான். இது பண்டிதர் காதுக்குப் போனது. ராஜா விகடனிடம் மனம் திறந்ததே அவருக்கு வயிற்றெரிச்சல். பௌர்ணமிக்குள் வழி சொல்லத் தெரியாதவனுக்குச் சபையில் இடம் எதற்கு என்று ஓதினார். ராஜாவும் ஏக்கத்தில் சரியென்று தலையாட்டினார்.

பௌர்ணமி வந்தது. அங்கமுத்து வாய் திறக்கும்வரைகூடப் பண்டிதருக்குப் பொறுமையில்லை. சபையில் பலப்பரீட்சை என்று சொல்லி, இரண்டு மல்லர்களை ஏவி அங்கமுத்துவின் கைகளை முறுக்கிப் பிடிக்கச் செய்தார். வலி தாங்காமல் அந்தச் சொல்லைச் சொல்லிக் கத்துவான் என்பது கணக்கு. அங்கமுத்துவோ, கையைத் தூக்கிக்கொண்டு திரிகிற வேலை மிச்சம், சாயங்காலம்வரை இப்படியே பிடித்திருங்கள், மூக்கு அரித்தால் மட்டும் கொஞ்சம் சொறிந்து தாருங்கள் என்று கேட்டுக்கொண்டான். சபை சிரித்தது. மல்லர்களுக்கும் சிரிப்பு வந்து பிடி தளர்ந்தது. பண்டிதர் பதறிப்போய், "விடாதே!" என்று கத்தினார்.

கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். 'விடாதே' என்பது எதிர்மறை, ஆகவே அது வேறு சொல் என்று சூத்திரம் சூத்திரமாக எடுத்துச் சொன்னார். அங்கமுத்து கையைத் தடவிக்கொண்டே, "பண்டிதரே, 'டு'வுக்குள் ஒளிந்தவன் 'டா'வுக்குள் ஒளியமாட்டானா?" என்று கேட்டான்.

அங்கமுத்து நேரே சிம்மாசனத்துக்குப் போனான். ராஜாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பண்டிதரை மன்னிக்கும்படி வேண்டினான். சட்டம் சட்டம்தான், கையை எடு என்றார் ராஜா. அவன் எடுக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"கை சில்லிட்டிருக்கிறது, மகாராஜா. அரசியார் போன நாள்முதல் இதை யாரும் பிடிக்கவில்லை போலிருக்கிறது."

ராஜாவுக்குச் சபை இருப்பதும் மறந்தது, சட்டமும் மறந்தது. "விடு, அங்கமுத்து" என்றார்.

அங்கமுத்து சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, தள்ளிப்போய் நின்றான்.

"நான் கையைச் சொல்லவில்லை. அந்தப் பேச்சைச் சொன்னேன்" என்றார் ராஜா.

"தெரியும், மகாராஜா. ஆனால் கையைப் பிடித்திருக்கிறவர்களுக்குக் கை என்றுதான் கேட்கும்."

ராஜா தன் கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "கவலையை விடு என்றுதானே நான் சொன்னேன்... அவள்..." என்று ஆரம்பித்தவருக்குக் கண் நிறைந்தது. இத்தனை நாளும் ஏன் போனாள், ஏன் போனாள் என்று மாய்ந்துகொண்டிருந்தாரே, விடை கைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

நிமிர்ந்தால் சபை மொத்தமும் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல்லை அவர் இரண்டு தடவை சொல்லியாயிற்று. சட்டம் மகாராஜாவுக்கும் உண்டா என்று பண்டிதர்தான் சொல்ல வேண்டும் என்றான் அங்கமுத்து. தனியாக நாடுகடத்தப்படுவதைவிட ராஜாவோடு போவது கௌரவம் என்று பண்டிதருக்குத் தோன்றியிருக்க வேண்டும். உண்டு, நிச்சயமாக உண்டு என்று மேற்கோள்களோடு தீர்ப்புச் சொன்னார்.

"அப்படியென்றால் தாங்களாகப் போகவில்லை, மகாராஜா. ஆளும் ஓலையும் அனுப்பவில்லை. தங்கள் சட்டமே தங்களைக் கொண்டுபோய் மாமனார் வாசலில் நிறுத்தப்போகிறது" என்றான் அங்கமுத்து.

ராஜா சிரித்தார். ராணி போனபின் அரண்மனை அன்றைக்குத்தான் அவர் சிரிப்பைக் கேட்டது.

படகோட்டிகள் எல்லாரும் எப்போதோ நாடுகடத்தப்பட்டிருந்ததால் பண்டிதரே துடுப்புப் போட்டார், அங்கமுத்துவும் கூடவே ஏறிக்கொண்டான். அக்கரைப் படித்துறையில் கவிராயர் நின்றார், சமையற்காரர் நின்றார், முரசறைந்தவன் நின்றான். அவர்களுக்கு முன்னால், கடைசிப் படியில், ராணி நின்றாள். மாலை தவறாமல் அரசியார் அந்தப் படிக்கு வந்து இக்கரையைப் பார்த்து நிற்பார்கள் என்று சமையற்காரர் பிறகு அங்கமுத்துவிடம் சொன்னார்.

ராஜா படகிலிருந்து இறங்கினார். "நானாக வரவில்லை. என்னை நாடுகடத்தியிருக்கிறார்கள்" என்றார்.

"என்ன குற்றம்?" என்று கேட்டாள் ராணி.

"ஒரு சொல் சொன்னேன். அன்றைக்கு உன்னிடம் சொன்ன அதே சொல். கவலையைச் சொன்னேன், பூங்கோதை. கையைச் சொல்லவில்லை."

ராணிக்கு அழுகையும் வந்தது, இதற்காகவா இத்தனை நாள் என்று சிரிப்பும் வந்தது. கையை நீட்டி அவர் இடக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ராஜா அங்கேயே சட்டத்தை ரத்து செய்தார். எல்லாரும் ஊர் திரும்பலாம், பண்டிதர் உட்பட என்றார். பிறகு அங்கமுத்துவைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்து, தன் வலக்கை மோதிரத்தையே பரிசாகக் கொடுக்க நினைத்தார். மோதிரத்தைக் கழற்ற இடக்கை வேண்டுமே. அது ராணியிடம் இருந்தது. பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார். மோதிரம் அசையவில்லை.

"இப்போது என்ன அவசரம்? விடுங்கள், மகாராஜா" என்றான் அங்கமுத்து.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் ராணியின் விரல்கள் லேசாகத் தளர்ந்தன. ராஜா அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மாட்டேன்" என்றார். "விடமாட்டேன்."

மோதிரம் அங்கமுத்துவுக்கு மறுநாள்தான் கிடைத்தது.