கைக்குள் அடங்கிய பட்டடை

முன்னொரு காலத்தில் கருவேலங்கோட்டை நாட்டைச் சிங்கமுத்து பூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். சிரித்தால் கழுத்து மாலையைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். கோபித்தால் கையையோ காதையோ வாங்கிவிடுவார். எது எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

போன மாதம் முழுக்கக் கிளிக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். இந்த மாதம், "தங்கத்தை நானே தட்டி மோதிரம் செய்யப் போகிறேன்" என்று ஆரம்பித்தார். தட்டுவதற்குப் பட்டடை வேண்டுமே! கலப்பைக் கொழுவை வைத்து அடிக்கிற பெரிய இரும்புப் பட்டடை இல்லை, உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னது. கொல்லர் தெருக் குழந்தைவேலு ஆசாரிக்கு ஆள் போயிற்று.

ஆயுதசாலை அதிகாரி வச்சிரநாதருக்கு அது பொறுக்கவில்லை. அவருடைய மைத்துனனும் கொல்லன்தான். அரண்மனை வேலை அவனுக்குத்தான் என்று நினைத்திருந்தார்.

ஆசாரி அடித்தார். அவர் மனைவி பூரணி துருத்தி ஊதினாள். பட்டடைக்கு முகம் என்று சொல்வது அடி வாங்குகிற மேல்பக்கம். அதை மட்டும் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கிக் கெட்டியாக்கினார்கள். பூரணி மணலும் தேங்காய் நாரும் போட்டு அந்த முகத்தைக் கண்ணாடி மாதிரி தேய்த்தாள். அடிப்பக்கத்தில் ஆசாரி உளியால் ஒரு சின்ன வேல் வெட்டினார். அது அவர்கள் வீட்டு அடையாளம். "தாயே காமாட்சி, நல்லபடியா அரங்கேறணும்" என்று விளக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, ஆயுதசாலையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ராஜா தொட நல்ல நாள் வரும்வரை மூன்று நாள் அது வச்சிரநாதர் பொறுப்பில் இருந்தது.

நான்காம் நாள் சபை கூடிற்று. ஆசாரியும் பூரணியும் வந்து நின்றார்கள். ராஜா பட்டடையில் தங்கத் துண்டை வைக்குமுன், சும்மா ஒரு அடி அடித்துப் பார்த்தார். 'ணங்' என்று பாடி, சுத்தியல் துள்ளி எழ வேண்டும். 'தொப்' என்றது. சுத்தியலின் வாய் பட்டடை முகத்தில் பள்ளமாகப் பதிந்துவிட்டது.

யாரோ ஒருவர் பின்னால் களுக்கென்று சிரித்துவிட்டார். அவ்வளவுதான்.

"ஆசாரி! இதை இரும்பில் செய்தாயா, வெண்ணெயில் செய்தாயா? சபையே என்னைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்த அந்த வலது கையை வெட்டுங்கள்!"

"சரியான தீர்ப்பு மகாராஜா," என்றார் வச்சிரநாதர். "என் மைத்துனன் செய்திருந்தால்..."

காவலாளி ஆசாரியின் முழங்கையைப் பிடித்தான். பூரணி புருஷனின் வலது கையைப் பார்த்தாள். அந்தக் கை போனால் உலை அணைந்துவிடும். இந்த மனுஷன் உயிரோடு இருந்தும் இல்லாதவர் ஆகிவிடுவாரே! 'அம்மா காமாட்சி, என் நாக்கில் வந்து உட்காரு' என்று வேண்டிக்கொண்டு பட்டடையைப் பார்த்தாள்.

முகம் புதிதாகத் தேய்த்த மாதிரி பளபளத்தது. ஆனால் முகத்துக்குக் கீழே, அதன் கழுத்தில் மயில்கழுத்து நீலம் ஓடியிருந்தது. இருபது வருஷம் துருத்தி ஊதியவள். கெட்டிப்பட்ட இரும்பை மறுபடி நெருப்பில் போட்டால் கெட்டி போய்விடும்; அப்போது வருகிற நிறம் அவளுக்குத் தெரியாதா? முகத்தைக் கங்கில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். அப்படியானால் வேல் வெட்டிய அடிப்பக்கம் மேலே இருந்திருக்கும்...

அவள் கண் வச்சிரநாதரின் வலது கைக்குப் போயிற்று. அது பட்டு அங்கவஸ்திரத்துக்குள் சுருண்டு கிடந்தது.

"மகாராஜா," என்றாள். ஒரு அடி முன்னால் வந்தாள். மறுபடி சொன்னாள். "மகாராஜா, கையை எடுக்கிறதுக்கு முன்னால ஒரு வழக்கம் இருக்கு. வெறும் பட்டடையை அடிச்சா எங்க குலத்துல அது தோஷம். அடிச்சவங்களும், காவல்ல வச்சிருந்தவங்களும் அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணும்."

"அடிச்சவன் நானல்லவா?" என்று ராஜா பயந்துபோய், சட்டென்று தொட்டு ஒற்றிக்கொண்டார். "வச்சிரநாதரே, மூன்று நாள் வைத்திருந்தவர் நீர். ம், தொடும்!"

வச்சிரநாதர் இடது கையை நீட்டினார்.

"என்ன ஓய்! சாமி காரியத்துக்கு இடது கையா?"

"வலது கை... ஆரத்தி எடுத்தபோது கற்பூரம் சுட்டுவிட்டது, மகாராஜா."

"கற்பூரம் சுட்டா விரல் நுனியில சுடும்," என்றாள் பூரணி. "அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்க."

"ஏ, துருத்திக்காரி! யாரிடம் பேசுகிறாய்?" என்று சீறினார் அவர்.

ராஜாவின் முகம் அவள் பக்கம் திரும்பியது. "அம்மா, சொல்வது பொய்யானால் உன் புருஷன் கையோடு உன் நாக்கும் போகும். தெரியுமா?"

"தெரியும் மகாராஜா."

துணியை அவிழ்த்தார்கள். உள்ளங்கையில் சதுரமாகத் தோல் வெந்து கிடந்தது. அதன் நடுவில், சுடாத வெளுத்த தோலில், ஒரு சின்ன வேல்.

பூரணி பட்டடையைக் கவிழ்த்துக் காட்டினாள். அதே அளவு, அதே வேல்.

"வெட்டின இடம் பள்ளம், அது தோலைச் சுடலை. முகத்தோட கெட்டி போகட்டும்னு கங்குல கவிழ்த்துப் போட்டு, சிவப்பு போய்க் கருத்ததும் ஆறிடுச்சுன்னு தூக்கியிருக்கார் மகாராஜா. கருத்த இரும்பை நம்பி நாங்க யாரும் கை வைக்க மாட்டோம். புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய் அனல் பார்ப்போம்."

"அப்படியானால் வெட்டு இவன் கையை!" என்று ராஜா குதித்தார்.

"ஐயோ, வேண்டாம் மகாராஜா! சுட்டதே போதும். அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கும்."

ராஜாவின் கோபம் சிரிப்பாக மாறிற்று. பிறகு முத்துமாலையைக் கழற்றி ஆசாரி கழுத்தில் போட்டார். வச்சிரநாதரின் தலைப்பாகையை வாங்கிவிட்டு, "நாற்பத்தெட்டு நாள் கொல்லர் தெருவில் போய்த் துருத்தி ஊதும். கருத்த இரும்பு என்னவென்று இந்த அம்மாள் சொல்லித் தருவாள்," என்றார். இந்தத் தடவை சபை முழுக்க, பயமில்லாமல் சிரித்தது.

ஆசாரி அந்தப் பட்டடையை மறுபடி காய்ச்சி முக்கிக் கொடுத்தார். ராஜா தங்கத்தை வைத்து அடித்தார். 'ணங்!'

அந்தச் சத்தத்துக்கே பூரணிக்குத் தூக்கிவாரிப் போட, புருஷனின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டப்பகலில், கடைவீதி வழியாக, ஊர் பார்க்க வீடு வந்து சேரும்வரை அவள் அதை விடவே இல்லை.