கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்

முந்தின நாள் மாலை விழுந்த இடியில் நர்சிங் கல்லூரியின் ரவுட்டர் கருகிவிட்டது. காலை பத்து மணிக்கு நூற்றெண்பது பெண்கள் ஆன்லைனில் தேர்வு எழுத வேண்டும். புது ரவுட்டர் மதியம்தான் வரும்.

லேப் உதவியாளர் செபஸ்தியான் கருகிய பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐம்பத்தொரு வயதில், பியூன் வேலையிலிருந்து லேபுக்கு வந்தவர். அவருக்கு நெட்வொர்க் கற்றுக்கொடுத்த லேப் பொறுப்பாளர் தமயந்தி, அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

"பழைய சாமான் குவியல்ல ஒரு கம்ப்யூட்டர் எடுத்துட்டு வாங்க சார்" என்றார் தமயந்தி.

தூசி தட்டிக் கொண்டுவந்தார்.

"மேடம், இதுல விண்டோஸே ஏறாதே!"

"அது வேண்டாம். அதைவிட லேசான லினக்ஸ் போடுங்க. ரெண்டு நெட்வொர்க் கார்டு சொருகுங்க, இதுவே ரவுட்டராயிரும்."

"நீங்களே செஞ்சிருங்க மேடம்."

தமயந்தி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

செபஸ்தியான் உட்கார்ந்தார். கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியாக அடித்தார். ஒன்பது மணிக்கு எல்லாம் முடிந்தது. சோதித்துப் பார்த்தார். தேர்வுப் பக்கம் திறக்கவில்லை.

வாசலில் பிரின்சிபால் வந்து நின்றார். "தேர்வு இல்லைன்னு சொல்லிரவா? பிள்ளைங்களுக்கு ஒரு வருஷம் போயிரும்."

தமயந்தி திரும்பினார். செபஸ்தியானைப் பார்த்தார்.

அவர் மண்டியிட்டு, கேபிளை விரலால் தடவிக்கொண்டே போனார். சட்டென்று நிமிர்ந்தார்.

"உள்ள வர்ற லைனையும் வெளிய போற லைனையும் மாத்திச் சொருகிட்டேன்!"

இடம் மாற்றினார். பக்கம் திறந்தது.

உடனே தமயந்தி மானிட்டரைக் கழற்றினார். கீபோர்டு, மவுஸையும் பிடுங்கி ஓரமாக வைத்தார்.

"மேடம்! ஓடிட்டு இருக்கு!"

"ஓடட்டும். ரவுட்டருக்குத் திரை எதுக்கு?"

பத்து மணிக்கு நூற்றெண்பது திரைகளும் ஒளிர்ந்தன. மூன்று மணி நேரம் ஒன்றுகூட நிற்கவில்லை. கடைசிப் பெண் எழுதி முடித்ததும் ஹாலே கைதட்டியது. பிரின்சிபால் எல்லோர் முன்னாலும் செபஸ்தியானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். செபஸ்தியானுக்குக் கண் கலங்கிவிட்டது. மதியம் வந்த புது ரவுட்டரை அன்று யாரும் பிரிக்கக்கூட இல்லை.

கூட்டம் கலைந்ததும் செபஸ்தியான் கேட்டார்.

"ஒரு விண்டோஸைத் தாங்க முடியாத பெட்டி, நூத்தியெம்பது பேரை எப்படி மேடம் தாங்குச்சு?"

"அது யாரையும் தாங்கலையே சார். வந்ததை வாங்குச்சு, சேர வேண்டிய இடத்துக்கு விட்டுருச்சு."