மெழுகு போட்ட வராந்தா

இந்தச் சம்பவத்தைப் பல வருடங்களாகச் சந்தேகித்து வருகிறேன். எனக்குச் சொன்னவர் ஏகாம்பரம். பொய் சொல்கிற ஆள் இல்லை. அதுவே என் சந்தேகத்தை அதிகமாக்கியது.

அவர் அரசுக் கட்டடங்களில் தரையைச் சுத்தம் செய்து மெருகேற்றித் தரும் கான்ட்ராக்டர். முன்னாள் ராணுவ வீரர்களுக்கான ஒரு ஆஸ்பத்திரியில், கால் இழந்தவர்கள் இருக்கும் வார்டின் நீண்ட வராந்தா அவருக்குக் கிடைத்தது. மொசைக் தரை. அரைத்து, மெழுகு போட்டு, முந்தின நாளே முடித்துவிட்டார். சம்பவம் நடந்த அன்று இன்ஜினியர் வந்து பார்ப்பதாக இருந்தது. குனிந்து பார்க்கும்போது கூரையில் எரியும் டியூப்லைட் தரையில் உடையாத கோடாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் கையெழுத்து. மற்ற வார்டுகளின் வேலையும் அவருக்கே.

ஏகாம்பரத்துக்கு ஒரு குரு உண்டு. முத்தையா சாமி. சீடரைவிடப் பத்து வயது இளையவர். நோயாளிகளைப் பார்க்க அன்று காலை வார்டுக்கு வந்திருந்தார். அவர் வெளியே கிளம்பியபோது ஏகாம்பரம் வார்டு வாசலிலேயே நிறுத்தினார்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"டெண்டர்ல பளபளப்பா இருக்கணும்னு போட்டிருக்கு. வழுக்கக் கூடாதுன்னு போடலை. சொன்னதைச் செஞ்சு கொடுத்துட்டா என் கடமை முடிஞ்சுதா?"

சாமி வராந்தாவைப் பார்த்தார்.

"வழுக்குமா?"

"அது எனக்கு எப்படித் தெரியும் சாமி? நடக்கிறவங்களைப் பொறுத்தது."

வாசலை ஒட்டிய கட்டிலில் ஹவில்தார் பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தார். கண்ணிவெடியில் இடது காலை இழந்தவர்.

"கான்ட்ராக்டரே, உங்க தரையில மூஞ்சி பார்த்து ஷேவ் பண்ணிக்கலாம் போல. ஆனா நான் இறங்க மாட்டேன். பாக்கி இருக்கிறது ஒரு காலு."

"சும்மா இருங்க ஹவில்தார்."

வராந்தாவின் மறுகோடியில் இன்ஜினியர் வந்துவிட்டார். குனிந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கண்ணாடிய்யா ஏகாம்பரம்!" என்று அங்கிருந்தே சொல்லி, ஃபைலைத் திறந்து பேனாவை எடுத்தார்.

சாமி ஹவில்தாரிடம் கையை நீட்டினார்.

"உங்க ஊன்றுகட்டை ரெண்டையும் கொஞ்சம் கொடுங்க."

மேல்துண்டால் தன் இடது காலை மடக்கிக் கட்டினார். கட்டைகளை அக்குளில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். பிறகு இரண்டையும் வராந்தாவை நோக்கித் தூக்கினார்.

ஏகாம்பரம் பாய்ந்து அவர் இடுப்பைப் பிடித்தார்.

"விடுங்க."

"வேண்டாம் சாமி."

"இன்ஜினியர் பார்த்துட்டார். நல்லா இருக்குன்னும் சொல்லிட்டார். விடுங்க."

"சொன்னாக் கேளுங்க சாமி. விழுந்துடுவீங்க!"

இன்ஜினியர் நிமிர்ந்தார். "என்னய்யா அங்க?"

சாமி திரும்பவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"விழுவேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஏகாம்பரம் பதில் சொல்லவில்லை. பிடியை விடவும் இல்லை. வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு, சாமியைப் பிடித்தபடியே, வராந்தாவின் மறுகோடியைப் பார்த்துக் கத்தினார்.

"கையெழுத்துப் போடாதீங்க சார்!"

மெழுகு முழுவதையும் சுரண்டி எடுத்தார்கள். தரை மங்கிப்போனது. மற்ற வார்டுகள் வேறொருவருக்குப் போயின.

இதையெல்லாம் நான் நம்பினேன். நம்ப முடியாமல் போனது நடுவில் வந்த அந்த மௌனத்தைத்தான். தரை வேலையிலேயே தலை நரைத்தவர். 'அனுபவம் சாமி' என்று சொல்லியிருக்கலாம். குருவின் எதிரில் அதைச் சொல்ல அவருக்கு ஏன் வாய் வரவில்லை? சரியான நேரத்தில் ஒரு கை நீண்டு பிடித்துக்கொள்ளும் கதைகள் எனக்குப் பிடிக்கும். அதனால்தான் இத்தனை நாள் கேட்காமல் இருந்தேனோ என்னவோ.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மறுபடியும் சொன்னார். சாமியின் கேள்வி வந்ததும் வழக்கம்போல நிறுத்தினார். இந்த முறை அவரை மேலே சொல்ல விடவில்லை.

"அண்ணே, சாமி இறங்கப் போறதுக்கு முன்னாலேயே அந்தத் தரையில விழுந்தது யாரு?"